கூட்டணி எஞ்சினுக்கு ஒரு எண்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் செய்த டீசல் எஞ்சினை உலகத்தில் எந்த ரயில்வேயும் ஓட்டியதில்லை. இனி ஓட்டப்போவதும் இல்லை. மொத்த நீளமே ஒரு சாண்தான். டீசல் என்பது தோற்றத்துக்கு மட்டும். உள்ளே ஒரு சொட்டு டீசல் கிடையாது, தண்டவாளத்தில் வரும் கரண்டில் ஓடுகிற சின்ன மாடல் எஞ்சின். பொம்மை என்று அவர் காதுபடச் சொன்னவர் ஒரே ஒருவர், அவர் மனைவி. அவளும் சொல்லிவிட்டு ஒரு வாரம் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தாள், பதில் சொல்ல ஆள் இல்லாமல்.

அந்த எஞ்சினின் மேல்கூடு ஒரு கம்பெனி. முன்பக்கச் சக்கரச் சட்டம் இன்னொரு கம்பெனி, பின்பக்கச் சக்கரச் சட்டம் மூன்றாவது கம்பெனி. மோட்டார் ஒரு செத்துப்போன டேப்ரெக்கார்டர் தானமாகக் கொடுத்தது. பக்கவாட்டுக் கைப்பிடிகள் எல்லாம் மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பிகள், ஸ்க்ரூ எல்லாம் கண்ணாடிக் கீலில் போடுகிற பொடி ஸ்க்ரூ. டிரைவர் அறையின் ஜன்னலுக்கு, கடையில் வெட்டி மீந்த லென்ஸ் துண்டைத் தேய்த்துப் பொருத்தியிருந்தார். பிளஸ் மூன்று பவர். அதனால் உள்ளே உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் டிரைவர், எதிரே ஏதோ வருகிறது என்று கண்ட மாதிரி எப்போதும் பெரிய முழியோடு தெரிவார்.

மொத்தம் ஒன்பது கம்பெனி. ஆகவே சங்கத்தில் அதற்கு வைத்த பெயர் 'கூட்டணி'. பெயருக்கு ஏற்றபடிதான் அதுவும் நடந்துகொண்டது. முதன்முதலில் தண்டவாளத்தில் வைத்தபோது முன்சக்கரங்கள் முன்னால் போகப் பார்த்தன, பின்சக்கரங்கள் பின்னால் போகப் பார்த்தன. எஞ்சின் இருந்த இடத்திலேயே நின்று முனகியது. சூடு மட்டும் நன்றாக ஏறியது.

சங்கம் என்றால் சிறு ரயில் சங்கம். பழைய சரக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில் ஞாயிறுதோறும் கூடும். மடக்கு மேசைகளை வட்டமாகப் போட்டு, அதன்மேல் தண்டவாளம், மலை, குகை, ஆள் இல்லாத ஒரு ஸ்டேஷன். உறுப்பினர்கள் பதினோரு பேர். விதிப்புத்தகம் நாற்பத்திரண்டு பக்கம். இரண்டையும் கட்டிக் காப்பவர் செயலாளர். எடை அளவுத் துறையில் முப்பது வருஷம் கடை கடையாகத் தராசைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், அவர் கண் ஓய்வு பெறவில்லை. எதிரே நிற்பவரையே கால் கிலோ குறைகிறதோ என்கிற மாதிரிதான் பார்ப்பார்.

சங்கத்தின் தண்டவாளத்தில் ஓட வேண்டுமானால் எஞ்சினுக்கு எண் வேண்டும். எண் வாங்க இரண்டு வழி. கடையில் பெட்டியோடு வாங்கிய எஞ்சின் என்றால் ரசீதைக் காட்டினால் போதும், ஐந்து நிமிஷத்தில் எண். கையால் செய்த எஞ்சின் என்றால் சோதனை உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை, வெளியாட்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிற கண்காட்சி நாளில், எல்லோர் முன்னிலையிலும், எட்டுப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மூன்று சுற்று நிற்காமல் ஓட வேண்டும்.

"ஏங்க இந்த ஓரவஞ்சனை?" என்று கண்ணாடிக்காரர் ஒரு தடவை கேட்டார்.

"கம்பெனிக்காரன் சோதிச்சுத்தான் அனுப்பறான். உங்களை யாரு சோதிச்சா?" என்றார் செயலாளர்.

பதினோரு வருஷத்தில் ஏழு சோதனை ஆயிற்று. ஒரு வருஷம் பெட்டிகளைக் கோர்க்கும் கொக்கி நடுவழியில் கழன்றுகொண்டது. இழுக்க ஒன்றும் இல்லாத குஷியில் கூட்டணி தனியாக ஒரு சுற்று ஓடி வந்து தன் ரயிலின் வாலிலேயே முட்டியது. இன்னொரு வருஷம் குகைக்குள் போனது வெளியே வரவில்லை. போன வருஷம் இரண்டே முக்கால் சுற்று ஓடிவிட்டது. கூடியிருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் கைகுலுக்குவதற்கு உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அப்போது அடியிலிருந்து ஒரு ஸ்க்ரூ உதிர்ந்து விழ, எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

"எட்டடி பாக்கி," என்றார் செயலாளர், வாய்தா போடுகிற நீதிபதி மாதிரி. "அடுத்த வருஷம் பார்ப்போம்."

அந்த எண்ணைத் தவிர கண்ணாடிக்காரர் வாழ்க்கையில் வேறெதற்கும் ஆசைப்பட்டதாகத் தகவல் இல்லை.

இந்த நிலையில்தான் மச்சான் சங்கத்தில் சேர்ந்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மேலாளர். விபத்து நடக்கும் என்பதை நம்பி வாழ்ந்தவர் ஆகையால் தன் வாழ்க்கையில் எதையும் நடக்கவிடவில்லை. அவரிடம் ஏழு மாதிரி எஞ்சின்கள் இருந்தன. ஏழும் வாங்கின பெட்டியிலேயே, கம்பெனி முத்திரை டேப் பிரிக்காமல், கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தன. பெட்டியைத் தொட வெள்ளைக் கையுறை தனியாக உண்டு. "பிரிச்சா மதிப்புப் போயிடும், மாப்பிள்ளை," என்பார். கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்ததற்கும் அவர் சொன்ன காரணம் கிட்டத்தட்ட இதுவேதான்.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றில் ஒன்றோடும் ரசீதோடும் வந்தார். செயலாளர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ரசீதைப் பார்த்தார், பேரேட்டில் எழுதினார். பதினான்காம் எண். சக்கரம் ஒரு தடவைகூடச் சுழலாத எஞ்சினுக்குத் தண்டவாளத்தில் ஓடும் உரிமை கிடைத்தது. கண்ணாடிக்காரர் பக்கத்தில் நின்று கைதட்டினார். வீட்டுக்கு வந்து, வராத தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார்.

"எங்க அண்ணனுக்கு எண் கிடைச்சா உங்களுக்கு ஏன் தலை வலிக்குது?" என்றாள் மனைவி.

"சந்தோஷத்துல."

இந்த வருஷக் கண்காட்சிக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. கடையின் முன்பக்கம் மனைவி உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பிரேம் எடுத்துக் காட்டுவாள். பின்பக்கம் ஒரு தட்டிக்கு அப்பால் அவர் லென்ஸ் தேய்ப்பார். தேய்க்கும் மேசையின் மேலேயே சின்னதாக ஒரு வட்டத் தண்டவாளம் போட்டிருந்தார். கூட்டணியை அதில் ஓடவிட்டார். இந்த வருஷம் எல்லாம் ஒத்துழைத்தது. கொக்கி உறுதி. ஸ்க்ரூ ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டுப் பசை. நாற்பது சுற்று நிற்காமல் ஓடியது.

நாற்பத்தோராவது சுற்றில் 'டிக்' என்றது.

அப்புறம் சக்கரம் ஒரு தடவை உருண்டால் ஒரு டிக். கூடவே ஒரு திக்கல், நடக்கிறவர் செருப்பில் கல் மாட்டிக்கொண்ட மாதிரி. கவிழ்த்துப் போட்டு, லென்ஸ் பார்க்கும் உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தார். பின்பக்கச் சட்டத்தின் நடு அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில், இரண்டு பல்லுக்கு நடுவே ஒரு விரிசல். தலைமுடியில் பாதி இருக்கும். அந்தப் பாதி முடி போதும். எட்டுப் பெட்டியை மாட்டினால் சங்கத் தண்டவாளத்தின் மேட்டில் ஏறாது. பசை போட்டு ஒட்டினார், ஒட்டவில்லை. நூல் கட்டிப் பார்த்தார், நூல் பல்லில் மாட்டிக்கொண்டு இன்னும் கேவலமாக ஆயிற்று. கம்பெனிக்கு எழுதிப் புதிய அச்சு வாங்க நான்கு மாதம் ஆகும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

"என்னங்க, உள்ள என்ன டிக் டிக்குனு?" என்று மனைவி முன்னாலிருந்து குரல் கொடுத்தாள். "வந்தவங்க இது கடிகாரக் கடையான்னு கேக்கறாங்க."

அந்த நேரத்தில் அவர் மனக்கண்ணில் ஒரு கண்ணாடி அலமாரி திறந்துகொண்டிருந்தது. பதினான்காம் எண் எஞ்சின், இந்தப் பின்பக்கச் சட்டம் செய்த அதே கம்பெனி. அதே சட்டம். அதே அச்சு. ஒருபோதும் சுழலாத, இனியும் சுழலப்போகாத ஒரு முழுப் பல்சக்கரம் இரண்டு தெரு தள்ளி சும்மா உட்கார்ந்திருக்கிறது. மச்சானோ அலுவலகப் பயிற்சி என்று வெளியூர் போயிருக்கிறார். திங்கட்கிழமைதான் வருவார். வீட்டுச் சாவி, செடிக்குத் தண்ணீர் ஊற்ற, மனைவியின் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

"சாவியைக் கொடு," என்றார் மனைவியிடம். "உங்க அண்ணன் வீட்டுச் செடிக்கு நான் போய்த் தண்ணி ஊத்திட்டு வர்றேன்."

"நீங்களா? நம்ம வீட்டுல எத்தனை செடி இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"நாலு."

"ஒண்ணுமில்ல. போன வருஷமே காஞ்சு போச்சு."

"அதான், உங்க அண்ணன் செடியாவது பொழைக்கட்டும்னு."

அவள் சாவியைக் கொடுத்தாள். கொடுத்த விதத்தில் சந்தேகமும் சேர்ந்து வந்தது.

அன்று நடந்ததைத் திருட்டு என்று சொல்ல முடியாது. எடுத்த இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டு வருவதற்குத் திருட்டு என்று பெயர் இல்லை என்பதைக் கண்ணாடிக்காரர் போகிற வழியிலேயே தனக்குள் வாதாடித் தீர்ப்பும் வாங்கிவிட்டார். இது இரவல். ஞாயிறு சோதனை முடிந்ததும் சாயங்காலமே திரும்ப மாட்டிவிடலாம். ஓடாத எஞ்சினுக்கு எந்தப் பல்சக்கரம் இருந்தால் என்ன?

அச்சை மாற்றப் பத்து நிமிஷம்தான் ஆயிற்று. முத்திரை டேப்புக்குத்தான் இரண்டு மணி நேரம். டம்ளரில் வெந்நீர் ஊற்றி, அந்தச் சூட்டை டேப்பின் மேல் காட்டிக் காட்டி, பசை இளகும்போது இடுக்கியால் நூல் நூலாகத் தூக்கினார். திரும்ப ஒட்டும்போது பழைய பசைக் கோட்டின் மேலேயே பொருந்துமாறு, உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, மூச்சை விடாமல் ஒட்டினார். கையுறைகூட மச்சானுடையதைத்தான் போட்டுக்கொண்டார். பொய் சொன்னதாக இருக்கக்கூடாது என்று செடிக்கும் தண்ணீர் ஊற்றினார். குற்ற உணர்ச்சியில் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றியதில் பால்கனியில் கணுக்கால் அளவுக்கு நின்றது.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிடங்கு மாடி நிரம்பியிருந்தது. அனுமதி இலவசம் என்பதால் நாற்பது பேர்போல வந்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில், கூட்டணியை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மனைவி. பத்தேகாலுக்குப் படியில் ஒரு சூட்கேஸ் ஏறி வந்தது. அதன் பின்னால் மச்சான் வந்தார். இன்னொரு கையில் அந்தப் பெட்டி.

"பயிற்சியை ஒரு நாள் முன்னாடியே முடிச்சுட்டாங்க, மாப்பிள்ளை. செயலாளர் போன் போட்டார். நேரா வீட்டுக்குப் போயி, சூட்கேஸைக்கூட இறக்கி வைக்காம இதை எடுத்துட்டு வர்றேன். பால்கனில பைப் உடைஞ்சிருக்கு போல, வெள்ளமா இருக்கு."

கண்ணாடிக்காரர் செருப்புப் பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டார். "இதை எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?"

பதிலைச் செயலாளர் சொன்னார். "விதி ஆறு. கண்காட்சியில முதல் ரயிலை இழுக்கறது சங்கத்தோட கடைசி எண். கடைசி எண் பதினாலு."

"மச்சான், நீங்க ஓட்டவே மாட்டீங்களே. பெட்டியைப் பிரிச்சா மதிப்புப் போயிடுமே."

"மனசே இல்லதான், மாப்பிள்ளை. ஆனா விதி ஆறுன்னுட்டார்."

மச்சான் கையுறையை மாட்டிக்கொண்டார். டேப்பை இழுத்தபோது, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவர் முகத்தோடு கண்ணை மூடிக்கொண்டார். பதினான்காம் எண் தண்டவாளத்தில் இறங்கியது. பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல், ஒரே கம்பெனியின் ஒரே நிறத்தில். பின்னால் எட்டுப் பெட்டி மாட்டினார்கள். செயலாளர் கரண்ட் குமிழைத் திருப்பினார்.

டிக்.

டிக். டிக். எஞ்சின் விந்தி விந்திப் பன்னிரண்டடி போயிற்று. மேடு தொடங்கும் இடத்தில் ஒரு முக்கு முக்கிவிட்டு நின்றது.

கண்ணாடிக்காரர் தலையைத் திருப்பவில்லை. ஆனால் பக்கத்தில் மனைவி தன்னைப் பார்க்கிறாள் என்பது காதுமடல் சூட்டிலேயே தெரிந்தது. சனிக்கிழமை காலை முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டவள் அவள்.

"செடிக்குத் தண்ணி ஊத்தினீங்களே," என்றாள் மெதுவாக. "அப்படியே இதுக்கும் ஊத்தினீங்களா?"

"அப்புறம் சொல்றேன்."

"சொல்ல வேண்டாம். எனக்குக் காது இருக்கு."

இதற்குள் செயலாளர் விசாரணையைத் தொடங்கிவிட்டார். கம்பெனி எஞ்சினில் குறை இருக்க வழியில்லை என்பதால் குறை தண்டவாளத்தில் இருந்தாக வேண்டும். பதினோரு உறுப்பினர்களும் ஆளுக்கொரு துணியை எடுத்துக்கொண்டு வட்டம் முழுவதும் தண்டவாளத்தைத் துடைத்தார்கள். அரை மணி நேரம். டிக். அப்படியானால் குறை கரண்டில். குமிழ்ப் பெட்டியை மாற்றினார்கள். டிக். பெட்டிகள் பாரமோ என்று ஒவ்வொன்றையும் தராசில் வைத்தார். சங்கத்தில் தராசு எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, அவர் வந்தபோது அதுவும் கூட வந்தது. மச்சான் உத்தரவாத அட்டையை மூன்று மொழியில் படித்துக்கொண்டிருந்தார். வந்த கூட்டம் மலையையும் குகையையும் எத்தனை நேரம்தான் பார்க்கும்? பாதிப் பேர் இறங்கிப் போனார்கள்.

ஒரு விநாடியில் சொல்லக்கூடிய விடையை வாயில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நிற்பது எப்படி இருக்கும் என்பதைப் பல்வலிக்காரர்கள் ஓரளவு அறிவார்கள். கண்ணாடிக்காரர் தாங்கமுடியாமல் ஒரு தடவை வாயைத் திறந்தார்.

"பல்சக்கரமா இருக்கலாமே."

"கம்பெனிப் பல்சக்கரம்ங்க," என்றார் செயலாளர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "உங்களோடது மாதிரி ஒட்டுப் போட்டதில்ல."

ஒரு மணிக்கு அந்த மாடி நடன வகுப்புக்குப் போய்விடும். மேசைகளை மடித்து ஓரம் கட்டியாக வேண்டும். மணி பன்னிரண்டு அடிக்கும்போது மச்சான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையுறையைக் கழற்றியிருந்தார். வாழ்நாளில் ஒரே ஒரு பெட்டியைப் பிரித்தேன், அதுவும் இப்படியா என்ற முகம். கண்ணாடிக்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். கையில் செருப்புப் பெட்டி கனத்தது. இதில் இருக்கும் அச்சைக் கொடுத்தால் அது ஓடும். கொடுத்தால் இது ஓடாது. எட்டாவது சோதனையும் போயிற்று.

அவர் முடிவெடுப்பதற்கு முன்னால் மனைவி எடுத்துவிட்டாள்.

"இவர் சரி பண்ணிடுவாருங்க," என்றாள் கூடத்துக்கே கேட்கும்படி. "இவருக்கு எங்க கோளாறுன்னு தெரியும். நல்லாவே தெரியும்."

வேறு வழி எல்லாம் தீர்ந்துபோன பிறகுதான் அந்தச் சங்கத்தில் கைவேலைக்காரனுக்கு வழி விடுவார்கள். விட்டார்கள். கண்ணாடிக்காரர் மேசையில் துணியை விரித்து, நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, நடு அச்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விரிசல் எல்லோருக்கும் தெரிந்தது. சங்கத்தில் இருந்த பேக்கரிக்காரர், "கம்பெனியிலேயே இப்படித்தான் அனுப்பறானா," என்று பெருமூச்சு விட்டார். தன் வீட்டிலும் அதே எஞ்சின் இரண்டு இருக்கிற கவலை அவருக்கு.

கண்ணாடிக்காரர் செருப்புப் பெட்டியைத் திறந்தார். கூட்டணியைக் கவிழ்த்தார். அதன் நடு அச்சைக் கழற்றினார்.

"என்ன பண்றீங்க?" என்றார் பேக்கரிக்காரர். "உங்க சோதனை?"

"இது அதோட அச்சு."

"எதோட?"

"மச்சான் எஞ்சினோடதுதான் இது. விரிஞ்சதுதான் என்னோடது. நேத்து நான் மாத்திட்டேன். சாவி எங்ககிட்ட இருந்துச்சு. மன்னிச்சுக்கங்க, மச்சான்."

பதினோரு வருஷத்தில் அவர் சொன்னவற்றில் இதைவிட நேரான வாக்கியம் இல்லை. சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றார். மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்தார். வந்தார். கண்ணாடிக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நான் சங்கடப்படக் கூடாதுன்னு நீங்க ஏன் மாப்பிள்ளை இந்தப் பழியை உங்க தலைல போட்டுக்கறீங்க?"

"பழி இல்ல மச்சான், நிஜமாவே நான்தான்."

"பெட்டியோட முத்திரை அப்படியே இருந்துச்சு. இங்கதான் எல்லார் முன்னாடியும் பிரிச்சேன். பிரிக்காத பெட்டிக்குள்ள எப்படிப் போவீங்க, காத்து மாதிரியா?"

"பிரிச்சுட்டுத் திரும்ப ஒட்டினேன்."

செயலாளர் கையை நீட்டி, கிழிந்த டேப்பின் மிச்சத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார். வெளிச்சத்தில் சாய்த்தார். கண்ணருகே கொண்டுபோனார். முப்பது வருஷமாகப் போலி முத்திரைகளைப் பிடித்த அந்தக் கண் இரண்டு முறை மேலும் கீழும் போயிற்று.

"கம்பெனி மெஷின் ஒட்டினது," என்று தீர்ப்பளித்தார். "கையால இவ்வளவு நேரா ஒட்ட ஆளே கிடையாது."

"நான் ஒட்டினேங்க. வெந்நீர் டம்ளரை வெச்சு. ரெண்டு மணி நேரம் ஆச்சு."

"உங்க கைவேலையை ஏழு வருஷம் பார்த்திருக்கேன். தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்களால இது முடியாது."

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பெரிய மனசு என்று ஒரு குரல் சொன்னது. தன் எஞ்சினின் உயிரைப் பிடுங்கி மச்சானுக்குக் கொடுத்ததோடு நில்லாமல், அதை மறைக்கத் தன்னைத் திருடன் என்றும் சொல்லிக்கொண்ட மனிதரைச் சிறு ரயில் சங்கம் அதுவரை கண்டதில்லை. கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். சாட்சிக்கு அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

"நீயாவது சொல்லேன்."

"நான் சொன்னா மட்டும்?" என்றாள் அவள். "அண்ணே, இவர் செடிக்குத் தண்ணி ஊத்தறேன்னு போனது நிஜம்."

"பாத்தீங்களா," என்றார் மச்சான் கூட்டத்தைப் பார்த்து, தழுதழுத்து. "என் செடிக்குத் தண்ணியும் ஊத்தியிருக்கார்."

அதற்கு மேல் பேசிப் பயனில்லை. கண்ணாடிக்காரர் அச்சைப் பதினான்காம் எண்ணில் மாட்டினார். அது பிறந்த இடம் ஆகையால் சொடுக்கென்று உட்கார்ந்துகொண்டது. ஒரு சொட்டு எண்ணெய். நான்கு ஸ்க்ரூ. கரண்ட் கொடுத்ததும் எஞ்சின் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நழுவிப் போயிற்று. கை தட்டினார்கள். மச்சான் சின்னப் பிள்ளை போல ரயிலின் பக்கத்திலேயே நடந்தார்.

"நிறுத்துங்க," என்றார் செயலாளர்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் விதிப்புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"விதி ஒன்பது, உட்பிரிவு ஆ. பெட்டி எஞ்சினைத் திறந்து, வேற எஞ்சினோட பாகத்தை உள்ள போட்டா, அது அப்புறம் பெட்டி எஞ்சின் இல்ல. கையால் செய்த எஞ்சின். பதினாலாம் எண் ரத்து."

"வேற எஞ்சினோட பாகம் இல்லைங்க அது," என்றார் கண்ணாடிக்காரர். "அதோடதேதான்."

"அதைத்தான் நாம நம்பலையே."

மச்சானின் முகம் மறுபடியும் தொங்கிப்போயிற்று. எண்ணும் போய், மதிப்பும் போய், பிரித்த பெட்டி மட்டும் மிஞ்சியது. செயலாளர் கல் நெஞ்சர் இல்லை, சட்டம் தெரிந்தவர். "கவலைப்படாதீங்க. சோதனை இருக்கு. எட்டுப் பெட்டி, மூணு சுத்து. மணி பன்னிரண்டரை. இப்பவே வெச்சிடலாம்."

வைத்தார்கள். கண்ணாடிக்காரர் பதினோரு வருஷமாக எந்த இடத்தில் நின்று பார்த்தாரோ அதே இடத்தில் நின்று பார்த்தார். முதல் சுற்று. இரண்டாம் சுற்று. குகைக்குள் போனது வெளியே வந்தது. போன வருஷம் கூட்டணி உட்கார்ந்த இடத்தை, ஏதோ அப்படி ஒரு இடமே இல்லாத மாதிரி, கடந்து போயிற்று. மூன்று சுற்று. செயலாளர் முதன்முறையாகப் புன்னகை செய்தார். கையால் செய்த ஒரு எஞ்சின் அந்தச் சங்கத்தின் சோதனையில் தேறியது வரலாற்றில் அதுவே முதல் தடவை.

பேரேடு வந்தது. புதிய பக்கம். பதினைந்தாம் எண். கட்டம் கட்டமாகச் செயலாளர் நிரப்பினார். உரிமையாளர், மச்சான். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"செய்தவர்," என்றார் கண்ணாடிக்காரரைப் பார்த்து. "உங்க பேரு. இங்க கையெழுத்துப் போடுங்க."

"நான் இதைச் செய்யலைங்க. நான் செஞ்சது அதோ இருக்கு, செருப்புப் பெட்டில."

"செய்தவர் கையெழுத்து இல்லைன்னா எண் செல்லாது. உங்க மச்சானுக்கு எண் வேண்டாம்னா விட்டுடுங்க."

மச்சான் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த நன்றியைக் கண்ணாடிக்காரரால் ஒரு நிமிஷத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. பதினோரு வருஷம் அந்தப் பேரேட்டில் தன் பெயர் ஏறுவதைக் கற்பனை செய்திருக்கிறார். கற்பனையில் பேனாகூட இதே நீல மைதான். எஞ்சின்தான் வேறு.

மனைவி அவர் முழங்கையை லேசாகத் தட்டினாள். "போட்டுக் குடுத்துடுங்க. நேத்து எடுத்ததுக்கு இன்னைக்கு அசலும் வட்டியும்."

அவர் போட்டார்.

"செய்ய ஆன காலம்?" என்றார் செயலாளர்.

"இருபது நிமிஷம்."

"ஒழுங்கா சொல்லுங்க. இருபது நிமிஷத்துல யாராவது எஞ்சின் செய்ய முடியுமா?"

கண்ணாடிக்காரர் அன்று காலையிலிருந்து ஏழெட்டு முறை உண்மை பேசியிருந்தார். ஒன்றும் செல்லவில்லை. "நீங்களே ஏதாவது போட்டுக்கங்க," என்றார். செயலாளர் கொஞ்சம் யோசித்து, ஆறு மாதம் என்று எழுதி, கீழே கோடு போட்டார். படியில் நடன வகுப்புக்காரர்களின் சத்தம் கேட்டது. நடு அச்சு இல்லாத கூட்டணியை மனைவி செருப்புப் பெட்டியில் வைத்து மூடினாள். உள்ளே பிளாஸ்டிக் டிரைவர் எதையோ கண்டு முழித்தபடியே போனார்.

மேசைகளை மடிக்க ஆள் வந்தும் மச்சான் நகரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கரண்ட் குமிழின் மேல் கை வைத்திருந்தார், கையுறை இல்லாமல். எஞ்சின் அசையவில்லை.

"மாப்பிள்ளை," என்று கூப்பிட்டார். "இதை எந்தப் பக்கம் திருப்பணும்? இன்னும் ஒரே ஒரு சுத்து விட்டுட்டு மேசையைக் குடுத்துடறேன்."

கண்ணாடிக்காரர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து பக்கத்தில் நின்றார்.

"வலது பக்கம், மச்சான். மெதுவா," என்றார் செய்தவர்.